பொம்மைப் பொஸ்தகத்த வெச்சு எழுத்துக்கூட்ட வருமுங்களா?

போன இதழ்ல ஒருத்தருக்கு பதில் சொல்றப்ப, "பள்ளிக்கூட லைப்ரரில நாலு காமிக்ஸும் போட்டு வைங்க, கிழிஞ்சாலும் பரவால்ல"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிப்போட்டனுங்க. அவ்வளவுதான், இந்த மாசம் வந்த தபால், வாட்ஸப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல அதே நாயம். திட்டு கொஞ்சம், டவுட்டு ஜாஸ்தி. பட்டா டவுட்டு, பென்சன் டவுட்டு கேட்டவிக சித்த பொறுத்துக்கோங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம். 31 வருசம் ஒன்றியப் பள்ளிகள்ல சாக்பீஸ் தூசிய முழுங்குனவன்ங்கற முறையில இந்தத் தடவ இது மட்டும்.

மூணாங்கிளாஸ் டீச்சர், கோபி பக்கம்: நானும் காமிக்ஸ் குடுத்துப் பாத்தேன் சார். பசங்க படத்த மட்டும் பாத்துட்டு அஞ்சே நிமிசத்துல "முடிச்சாச்சு டீச்சர்"ங்கறாங்க. எழுத்த ஒருத்தனும் தொடல. எங்க ஹெச்.எம். "இதுக்குத்தான் வேண்டாம்னேன்"ங்கறாரு. என்னங்க பண்றது?

உங்க ஹெச்.எம். சொல்றதுல பாதி நெசம்தானுங்க. படமே முழுக் கதையையும் சொல்லிப்போடுச்சுன்னா புள்ள எதுக்கு எழுத்துக்கு மெனக்கெடுது, நம்மளே கல்யாணப் பத்திரிக்கைல தேதியும் மண்டபமும் பாத்துட்டு மடிச்சு வெக்கறவிகதான. ஆனா முழு புக்கையும் கைல குடுத்துட்டு நாம ரெஜிஸ்டர் எழுதப் போயிடறோம் பாருங்க, கோளாறு அங்கதான் இருக்குது.

ஒரே ஒரு பக்கம் போதும். ஆறு கட்டம். புக்கு கூட வேண்டாம், போர்டுல நீங்களே போடலாம். நான் நாலாங்கிளாஸுக்கு போட்ட ஒண்ணு சொல்றனுங்க. களத்துல நெலக்கடலை காயுது, பக்கத்துல ஒரு ஆத்தா ஒக்காந்திருக்குது, அது கண்ணசருது, காக்கா வருது, பொறகால ஆடு வருது, ஆத்தா முழிச்சுக்குது. என்ற படம் எப்படி இருக்கும்னா ஆடு எது ஆத்தா எதுன்னு கேக்கற லட்சணத்துல இருக்கும், அதுக்கே கிளாஸு பாதி கலகலன்னு ஆயிப்போச்சு. ஆளு பேசறத எழுதற பலூன் எல்லாத்தையும் காலியா விட்டுட்டு, ஆத்தா என்ன சொல்லுதுன்னு எழுதுங்கடான்னேன்.

ஒரு பையன் இருந்தானுங்க, ஆவணியில இருந்து தை வரைக்கும் நோட்டுல தேதியத் தவிர எதுவும் எழுதாதவன். அவன் எந்திரிச்சு வந்து காக்காய் இருக்கற கட்டத்துல "சு"ன்னு எழுதுனான். உடனே பொறத்தால இருந்து ஒரு புள்ள, "சு-ன்னா காக்கா போகுமாடா, அது இன்னும் நாலு கடலை திங்கும்"ன்னுச்சு. இவன் போர்டயே பாத்துட்டு நின்னான். அப்பறம் அழிச்சுட்டு "சூ"ன்னு போட்டான். பத்தலைன்னு நெனச்சு பின்னாடியே "ஊஊஊ"ன்னு மூணு சேத்துக்கிட்டான். குறில் நெடிலுக்கு நான் நாலு மாசமா மாத்திரை கணக்கு சொல்லிச் சொல்லி தொண்டை கட்டுனது அவனுக்கு ஏறல, காக்காயத் தொரத்தோணும்னு வந்தப்ப ஏறிருச்சு.

ரெண்டாவது சோலி, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவால இருக்கற வெள்ளைச் சந்து. ஸ்காட் மெக்ளவுட்னு அமெரிக்காக்காரர் ஒருத்தர், காமிக்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு காமிக்ஸாவே வரைஞ்சு 1993ல ஒரு புக்கு போட்டாரு. அவரு சொல்றது இதுதான், கட்டத்துக்குள்ள இருக்கறத வரையறவன் பண்றான், சந்துக்குள்ள நடக்கறத படிக்கறவன்தான் மண்டைக்குள்ள பண்ணிக்கறான். நான் கிளாஸ்ல அதுக்கு இட்டாரின்னு பேர் வெச்சிருந்தேன். ரெண்டு காட்டு வேலிக்கு நடுவால போற தடம்தான, நம்ம புள்ளைகளுக்கு வேற விளக்கம் தேவைப்படல. மூணாம் கட்டத்துல ஆத்தா தூங்குது, நாலாம் கட்டத்துல பாதி கடலையக் காணோம், இட்டாரில என்ன நடந்துச்சு? இத வாயால சொல்லச் சொல்லுங்க, அப்பறம் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்க. "காக்காய் தின்னுடுச்சு"ன்னு ஒருத்தன் எழுதுவான், "ஆத்தாவே தூக்கத்துல தின்னுடுச்சு"ன்னு ஒருத்தன் எழுதுவான். ரெண்டு பேருமே படத்த திரும்ப உத்துப் பாத்துத்தான் சண்டை போட்டாகோணும். அப்ப அஞ்சு நிமிசத்துல "முடிச்சாச்சு"ன்னு எவனும் வர மாட்டான்.

ஒண்ணு மறந்துடாதீங்க, அ ஆ கத்துக்குடுக்கறதுக்கு காமிக்ஸ் ஆகாது. 247 எழுத்துல எது முன்னாடி எது பின்னாடின்னு ஒரு வரிசை வெச்சு, சொல்லட்டை வெச்சு பண்றத பண்ணியே ஆகோணும். எழுத்து தெரிஞ்சும் ஒரு முழு வரிய சேத்துப் படிக்கப் பயப்படறான் பாருங்க, அவனுக்குத்தான் இந்த மருந்து. பலூனுக்குள்ள நாலஞ்சு வார்த்தைதான இருக்குது, முழுப் பத்திய பாத்து மெரள்ற மாதிரி மெரள மாட்டான்.

நெசவுத் தொழிலாளி, சென்னிமலை: என்ற பையன் ஆறாவது. பாடப் புக்கத் தொடறதில்ல, பழைய கடையில எடுத்த காமிக்ஸ்தான் எந்நேரமும். கோவத்துல எல்லாத்தையும் கட்டி அட்டாலில போட்டுட்டனுங்க. ரெண்டு நாளா சோறு திங்காம மொறச்சுக்கிட்டு திரியறான். நான் பண்ணது தப்புங்களா?

மொதல்ல அட்டாலில இருந்து எறக்கிக் குடுங்க, மீதிய அப்பறம் பேசுவோம்.

உங்களுக்கு வந்த பயம் புதுசில்லீங்க. அமெரிக்காவுல ஃபிரெடரிக் வெர்தம்னு ஒரு மனநல டாக்டர், காமிக்ஸ் படிச்சுத்தான் பசங்க கெட்டுப்போறாங்கன்னு 1954ல ஒரு புக்கு எழுதி, அது செனட் சபை விசாரணை வரைக்கும் போயி, கம்பெனிக்காரங்களே பயந்துபோய் அதே வருசம் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதி போட்டுக்கிட்டாங்க. ரொம்ப வருசம் கழிச்சு அந்த டாக்டரோட ஃபைல் எல்லாம் ஆராய்ச்சிக்குத் தெறந்து விட்டப்ப, கரோல் டில்லிங்கற நூலகவியல் பேராசிரியர் உக்காந்து ஒப்பிட்டுப் பாத்து, மனுசன் பசங்க சொன்னத அங்கங்க வெட்டி ஒட்டி மாத்தியிருக்காருன்னு 2012ல எழுதுனாங்க. அதுக்குள்ள ரெண்டு தலைமுறை அடி வாங்கியாச்சு. எங்க அப்பாரு என்ற காமிக்ஸ் ஒரு கட்ட வெந்நி அடுப்புக்குள்ள தள்ளுனதெல்லாம் அந்தக் கணக்குல சேராது, அவருக்கு வெர்தமும் தெரியாது ஒண்ணும் தெரியாது, வெறகு ஈரமா இருந்துச்சு அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் சொல்றேன், இது இங்கிலீசுல எடுத்ததுங்க, தமிழுக்கு அப்படியே பொருத்தாதீங்க. 1988ல ஹேய்ஸ், ஆரென்ஸ்னு ரெண்டு பேரு, எதெதுல எவ்வளவு அபூர்வமான வார்த்தை வருதுன்னு எண்ணுனாங்க. ஆயிரம் வார்த்தைக்கு, காலேஜ் முடிச்ச பெரியவங்க பேசிக்கறதுல 17.3, குழந்தைங்க புக்குல 30.9, பெரியவங்க புக்குல 52.7. காமிக்ஸ்ல? 53.5. உங்க பையன் மொறச்சுக்கிட்டு திரியறப்ப அவன் வாயில என்ன வார்த்தை வருதுன்னு கவனிங்க, பாதி அங்கிருந்து வந்ததாத்தான் இருக்கும்.

காமிக்ஸோட மூலபுருசன்னு பல பேரு சொல்ற ரொடால்ஃப் டோப்ஃபர் கூட ஒரு வாத்தியார்தானுங்க. ஜெனீவாவுல பசங்கள தங்க வெச்சு பள்ளிக்கூடம் நடத்துனவரு, மாணவங்களுக்குக் காட்டறதுக்குன்னு விளையாட்டா வரைஞ்ச படக்கதைக 1830கள்ல அச்சுல வந்துச்சு.

அதுக்காக பாடப் புக்கு வேண்டாம்னு நான் சொல்லல. ராத்திரி தறிய நிப்பாட்டுனதுக்கு அப்பறம் ஒரு பத்து நிமிசம், ரெண்டே பக்கம், நீங்க ஒரு ஆளு அவன் ஒரு ஆளுன்னு பலூன மாத்தி மாத்தி சத்தம் போட்டுப் படிங்க. வில்லன் வேசத்த நீங்க எடுத்துக்கோங்க. நாலு நாள் கழிச்சு அவனோட தமிழ்ப் புக்குல ஒரு நாடகப் பாடம் இருக்கும் பாருங்க, அதையும் அப்படியே படிங்க. சண்டை போட வேண்டியதே இருக்காது.

அஞ்சாங்கிளாஸ் டீச்சர், பெருந்துறை பக்கம்: பசங்க காமிக்ஸ் எழுதறப்ப பலூன்ல "வந்துச்சு", "போச்சு", "எனக்குத் தெரியாதுங்"ன்னு எழுதறாங்க. சிவப்பு மையில திருத்தறதா விடறதா? திருத்துனா முகம் வாடுது, விட்டா பரீட்சைலயும் அப்படியே எழுதிடுவாங்களோன்னு வெசனமா இருக்குது.

இந்த மாசத்து கேள்வில இதுதானுங்க சரியான கேள்வி, இதுக்காகத்தான் மீதி எல்லாத்தையும் எழுதறேன்னே வெச்சுக்கோங்க.

நம்ம புள்ளைக படிக்க சிரமப்படறதுக்கு எழுத்து மட்டும் காரணமில்லீங்க. ஊட்டுல "தண்ணி குடிச்சுப்போட்டு வாறேன்"ங்கறான், புக்குல "நீர் அருந்திவிட்டு வருகிறேன்"னு இருக்குது. எழுத்துக்கூட்டி முடிச்சாலும் காதுல விழறது அவன் பாஷையா இல்ல, வேற யாரோ பேசற மாதிரி இருக்குது, அப்பறம் எப்படி புரியும்? ஒரே தமிழுக்குள்ள ரெண்டு ஊடு இருக்குது, ஒரு ஊட்டுல இருந்து இன்னொரு ஊட்டுக்குப் போறதுக்கு யாரும் தடம் காட்டறதில்ல. "கொச்சையாப் பேசாதே"ன்னு கதவ மட்டும் சாத்தறோம்.

காமிக்ஸ் பக்கத்துல இந்த ரெண்டு தமிழுக்கும் தனித்தனியா எடம் ஏற்கனவே இருக்குது பாத்தீங்களா. பலூன் இருக்குது, அது ஆளு பேசற எடம். மேல ஓரமா ஒரு பொட்டி இருக்கும், "மறுநாள் காலை"ன்னு போட்டிருக்கும், அது கதை சொல்றவன் பேசற எடம். அதனால சட்டம் இப்படி வெச்சுக்கோங்க: பலூனுக்குள்ள ஊட்டுப் பேச்சு, பொட்டிக்குள்ள பொஸ்தகப் பேச்சு. பலூன்ல சிவப்பு மை படவே கூடாது, எழுத்துப் பிழை தவிர. பொட்டில "மறுநா காலைல ஆடு வந்துச்சு"ன்னு எழுதுனா மட்டும், "இது பொட்டியாச்சே தங்கம்"னு சொல்லுங்க, அதுவே "மறுநாள் காலையில் ஆடு வந்தது"ன்னு மாத்திக்கும். நாலு வாரத்துல புள்ளைகளே ஒண்ணையொண்ணு "டேய், பொட்டில பலூன் பேசாதடா"ன்னு திருத்த ஆரம்பிச்சுரும், நான் பாத்திருக்கேன்.

இத திருப்பியும் போடலாமுங்க. பழைய காமிக்ஸ்ல சண்டையில அடிபட்டவன் கூட சுத்தத் தமிழ்லதான் கத்துவான், "அடடா, தப்பிவிட்டானே!"ங்கற மாதிரி. அத நம்மூர்க்காரன் சொன்னா எப்படிச் சொல்லுவான்னு பலூன மாத்தி எழுதச் சொல்லுங்க. "அட கெரகமே, தப்பிச்சுப் போயிட்டானுங்"ன்னு எழுதி, கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு ஒரு தடவ. அந்த மாத்தத்த பண்றதுக்கு புள்ள மொதல்ல பழைய வரிய முழுசா படிச்சு, அர்த்தம் புடிச்சு, வினைய பிரிச்சுப் பாத்தாகோணும். இலக்கணப் பாடம்னு சொல்லாமயே நடக்குது.

பரீட்சை வெசனத்துக்கு பதில் ஒரே வரி. பரீட்சைத் தாள் பூராவும் பொட்டின்னு சொல்லிக் குடுத்துருங்க.

அதே டீச்சர்: சத்தத்துக்கு எழுதற வார்த்தைய எப்படிங்க நடத்தறது?

இரட்டைக்கிளவி பாடம் வர்றப்ப நடத்துங்க. சலசல, மடமட, கடகடன்னு மனப்பாடம் பண்ண வெக்கறதுக்கு பதிலா ஒரு படத்தப் போட்டு அதுக்கு சத்தம் எழுதச் சொல்லுங்க. சென்னிமலைப் பக்கம் ஒரு பள்ளில தறிச் சத்தத்துக்கு என்ன எழுதறதுன்னு முக்கா மணி நேரம் பஞ்சாயத்து. ஒருத்தன் "டக் டக்"ங்கறான், இன்னொருத்தி "அது கைத்தறி, எங்கூட்டுல பவர்லூம், சடக்சடக்சடக்னு எடவெளியே இருக்காது"ங்கறா. க-வுக்கு மேல புள்ளி வெச்சா சத்தம் பட்டுன்னு நிக்குது, புள்ளி எடுத்துட்டா ஓடிட்டே இருக்குதுன்னு அந்தப் புள்ளையே சொல்லுச்சு. நான் சும்மா தலையாட்டிட்டு நின்னேன்.

ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர், உடுமலை: என்கிட்ட 70கள்ல வந்த முத்து காமிக்ஸ் ஒரு கட்டு, ராணி காமிக்ஸ் ரெண்டு கட்டு இருக்கு. பேரன் சீண்டறதில்லை. பக்கத்துப் பள்ளிக்கு குடுத்துடலாமா?

சித்த நில்லுங்க! 1972ல இரும்புக்கை மாயாவிங்கற ஹீரோ கதையோட சிவகாசில இருந்து கெளம்புனதுதான் முத்து காமிக்ஸ், அந்தக் காலத்து இதழ்களத் தேடி இன்னிக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவுலயும் கோவை கொடிசியாவுலயும் தலை நரைச்ச ஆளுக அலையறத பாத்திருக்கேன், அதுல நானும் ஒருத்தன். மூணாங்கிளாஸ் கைல குடுத்தா ஒரு வாரம் தாங்காது.

அதவிட முக்கியமா ஒண்ணு. 1978 அக்டோபருக்கு முன்னாடி அச்சானதுல பழைய எழுத்து இருக்கும். ணை, லை, ளை, னை-க்கு தும்பிக்கை மாதிரி மேல ஒரு கொம்பு, ணா, றா, னா-வுக்கு ஒட்டுன சுழி. அதே சுழி வர்ற ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ-வையும் சேத்தா மொத்தம் 13 எழுத்து. நம்ம ஈரோட்டுக்காரர் பெரியார் 1935லயே குடி அரசுல புது வடிவத்துல அச்சடிக்க ஆரம்பிச்சாரு, அரசாங்கம் ஏத்துக்கிட்டதுதான் 1978. இப்பத்தான் எழுத்துக்கூட்ட ஆரம்பிச்ச புள்ளை அந்த "லை"யப் பாத்தா இது 248வது எழுத்தான்னு கேக்கும். ஆனா எட்டாங்கிளாஸுக்கு ஒரு பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்து, "மாறிப்போன எழுத்தெல்லாம் கண்டுபுடி"ன்னா துப்பறியற மாதிரி உக்காந்து தேடுவாங்க.

1984ல ஆரம்பிச்ச ராணி காமிக்ஸ்ல அந்தத் தொந்தரவு இல்ல. ஆனா குடுக்கறதுக்கு முன்னால நீங்க ஒரு தடவ பொரட்டிப் பாருங்க. துப்பாக்கி, நீச்சல் உடை, காட்டுவாசிகன்னா மட்டமாக் காட்டறதுன்னு அந்தக் காலத்து சமாச்சாரம் நெறய இருக்கும். நமக்கு அப்ப ஒறைக்கல, இப்ப ஒறைக்குது. பாதிய குடுங்க, பாதிய அலமாரில வைங்க. பேரன்கிட்ட எதுவும் சொல்லாதீங்க, சாவிய மட்டும் அவன் கண்ணு படற எடத்துல வெச்சுப்போட்டு போங்க.

தொடக்கப்பள்ளி ஆசிரியை, திருப்பூர்: என் வகுப்புல பாதிக்குப் பக்கம் ஹிந்தி, ஒடியா பேசற புள்ளைங்க. அப்பா அம்மா பனியன் கம்பெனில. தெருவுல தமிழ் பேசறாங்க, புத்தகத்த தொறந்தா வாய் தொறக்க மாட்டேங்கறாங்க.

எழுத்தே இல்லாத படக்கதையில இருந்து ஆரம்பிங்க. மொதல்ல அதுக பாஷைலயே கதைய சொல்லட்டும், உங்களுக்குப் புரியலன்னாலும் கேட்டுக்கிட்டு ஒக்காருங்க. அப்பறம் பக்கத்துல ஒரு உள்ளூர்ப் புள்ளைய ஒட்டுக்கா ஒக்கார வெச்சு, தெருத் தமிழ்ல அதே கதை. இது சொல்ல அது எழுத. அப்பறம் ஆள மாத்திக்கலாம்.

இதுக்கு மேல ஒரு யோசனை. அந்தக் குழந்தைகளுக்கு ஏற்கனவே தெரிஞ்ச "தமிழ்" வார்த்தை எது? கட்டிங், ஓவர்லாக், ஃப்ளாட்லாக், செக்கிங், அயனிங், பேக்கிங். ஊட்டுல தெனம் காதுல விழறது. ஒரு பனியன் எப்படி உருவாகுதுன்னு ஆறு கட்டத்துல வரையச் சொல்லுங்க. ஓவர்லாக்குன்னு எழுதறதுக்கு ஓ-வும் லா-வும் ரெண்டு மெய்யெழுத்தும் வந்தாச்சு. தப்பா வரைஞ்சா ஊட்டுல அம்மாவே திருத்தி அனுப்பும், "சிங்கர் மெசினுக்கு முன்னாடி ஓவர்லாக்"னு, அந்தம்மாவுக்கு தமிழ் படிக்கத் தெரியாட்டியும் படம் தெரியும் பாருங்க. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு கூப்புட்டா சம்பளம் போகும்னு வராதவிக, நோட்டு வழியா கிளாஸுக்குள்ள வந்துருவாங்க.

ஏழாவது படிக்கும் மாணவி, அந்தியூர்: தாத்தா, எனக்கு கதை நல்லா வருது, ஆனா படம் வரையத் தெரியாது. பலூன்ல எழுத்து பாதிதான் புடிக்குது, மீதி வெளிய போயிடுது. என்ன பண்ணட்டும்?

கண்ணு, குச்சி மனுசனே போதும். தலைக்கு ஒரு வட்டம், புருவத்துக்கு ரெண்டு கோடு. புருவம் உள்பக்கமா சாஞ்சா கோவம், வெளிப்பக்கமா சாஞ்சா அழுகை. அவ்வளவுதான் ஓவியம்.

பலூனுக்கு ஒரு ரகசியம் இருக்குது. எல்லாரும் மொதல்ல பலூன் போட்டுட்டு அப்பறம் எழுத்த உள்ள திணிப்பாங்க. நீ மொதல்ல எழுத்த எழுதிக்கோ, அப்பறம் அதச் சுத்தி பலூன் போடு. நம்ம தமிழ் வார்த்தை நீளம், "பார்த்துக்கொண்டிருக்கிறேன்"னு ஒரே வார்த்தை ஒரு கட்டத்த சாப்ட்டுரும். "பாத்துட்டு இருக்கேன்"னு எழுது, எடமும் மிச்சம், பேச்சு மாதிரியும் இருக்கும். மொதல்ல பேசறவன் எடது பக்கம் மேல, பதில் சொல்றவன் வலது பக்கம் கொஞ்சம் கீழ. வால் வாய் பாத்து வரோணும், வயித்துக்கு வால் போட்டா வயிறு பேசற மாதிரி ஆயிரும்.

ஒன்பதாம் வகுப்பு தமிழாசிரியர், பொள்ளாச்சி: கிராஃபிக் நாவல் என்று சொல்கிறார்களே, அது வெறும் தடியான காமிக்ஸ்தானா? பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பில் பயன்படுமா?

பேரு கொஞ்சம் பந்தாதானுங்க, ஆனா உள்ள சரக்கு இருக்குது. யூதர்கள எலியாவும் நாஜிக்கள பூனையாவும் வரைஞ்சு ஆர்ட் ஸ்பீகல்மன் தன்னோட அப்பன் பட்டத சொன்ன படக்கதைக்கு 1992ல புலிட்சர் சிறப்பு விருது குடுத்தாங்க. மர்ஜான் சத்ரபி தன் சின்ன வயசு ஈரானப் பத்தி வரைஞ்சத நம்ம கோவை விடியல் பதிப்பகம் "ஈரான்"ங்கற பேர்ல தமிழ்லயே கொண்டாந்துச்சு. அது வாத்தியார் முழுசாப் படிச்சுட்டு, எந்தப் பக்கம்னு தேர்ந்தெடுத்துக் குடுக்க வேண்டிய புக்கு.

ஒம்பதாவதுக்கு நான் மொதல்ல எடுக்கறது பீமாயணம். அம்பேத்கரோட வாழ்க்கை, 2011ல வந்துச்சு, தமிழ்ல காலச்சுவடு போட்டுருக்குது. வரைஞ்சது துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம்னு மத்தியப் பிரதேசத்து கோண்டு பழங்குடி ஓவியர்கள். அதுல கட்டம் கட்டமா சதுரம் கிடையாது, கோலம் மாதிரி வளைஞ்சு போகுது. பலூனப் பாருங்க, அதுலதான் வித்தை. அன்பாப் பேசறவங்க பலூன் பறவை மாதிரி இருக்கும், வெசமாப் பேசறவங்க பலூனுக்கு வால் எடத்துல தேள் கொடுக்கு. தண்ணி குடிக்க விடாத ஒரு ஆளு என்ன பேசறான்னு படிக்கறதுக்கு முன்னாடியே கொட்டிரும்.

இத காட்டிப்போட்டு, "உங்க வாழ்க்கைல உங்ககிட்ட யாரோ சொன்ன ஒரு வார்த்தைக்கு பலூன் வரை, வார்த்தைய எழுதாத"ன்னு சொல்லிப் பாருங்க. நான் ரிட்டயர்டு ஆனதுக்கு அப்பறம் ஒரு பள்ளில விருந்தாளியா போய் பண்ணேன். கள்ளிச்செடி வரைஞ்சாங்க, பஞ்சு வரைஞ்சாங்க, ஒரு பொண்ணு டம்ளர் வரைஞ்சா. தனி டம்ளர். நான் ஒண்ணும் கேக்கல. அவளே பொறவு மூணு பக்கம் எழுதிக் குடுத்தா. நம்ம ஊர்ல இத நடத்துனா ஒண்ணு ரெண்டு ஃபோன் வரும், தயாரா இருந்துக்கோங்க. அதுக்காக விட்டுடாதீங்க.

ஆசிரியர் பயிற்சி மாணவர், ஈரோடு: இதுக்கெல்லாம் காசு?

போர்டும் சாக்பீசும். அப்பறம் 2023ல வாசிப்பு இயக்கத்துல அரசுப் பள்ளிகளுக்கு நுழை, நட, ஓடு, பறன்னு படிவாரியா சின்னச் சின்ன கதைப் புக்கு குடுத்தாங்களே, ஊஞ்சல், தேன்சிட்டுன்னு பத்திரிக்கை வருதே, அதெல்லாம் பீரோவுக்குள்ள கட்டுப் பிரிக்காம இருக்குதான்னு பாருங்க. நெறய எடத்துல இருக்குது.

பாட்டி, அன்னூர் (பேத்தி எழுதித் தந்தது): எனக்கு எழுத்துத் தெரியாதுங்க சாமி. பொன்னர் சங்கர் சாமிகளோட அண்ணமார் கதை முழுசும் தெரியும், எங்கய்யன் உடுக்கையடிக்கறவங்ககூட உக்காந்து கேட்டவரு. நான் சொல்ல, பேத்தி பொம்மை போட்டு எழுதறேங்கறா. நம்ம சாமி கதைய பொம்மையாப் போடலாமுங்களா?

போடலாமுங்க அம்மிணி, ஏற்கனவே போட்டிருக்காங்க. பிரெண்டா பெக்குன்னு கனடாக்கார அம்மா ஒருத்தங்க 1960கள்ல வந்து காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்துல குடியிருந்து, பாடறவங்க பாடப் பாட அந்தக் கதைய டேப்புல புடிச்சு, புக்கு எழுதி, பல வருசம் கழிச்சு அதையே 26 பாகம் கார்ட்டூனாவும் படக்கதையாவும் ஆக்குனாங்க. அவங்க போட்டது அவங்க கேட்ட கதை. நீங்க சொல்றது உங்க அய்யன் கேட்ட கதை, ஊருக்கு ஊரு மாறும், உங்குளுது வேற மாதிரித்தான் இருக்கும்.

முழுக் கதையும் எடுத்தீங்கன்னா பேத்திக்கு கல்யாணமே ஆயிரும். கொம்பன் பன்னி வர்ற எடம் மட்டும் எடுத்துக்கோங்க. பன்னி காட்டுக்குள்ள பாயறது, பயிர் நாசமாறது, பொன்னரும் சங்கரும் கெளம்பறது, ஒரு பத்து கட்டம். நீங்க பேசறத அப்படியே பலூன்ல எழுதச் சொல்லுங்க, ஒரு எழுத்து மாத்தக்கூடாது. பொட்டில எழுதறத அவ பாத்துக்குவா. ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் வெரல் வெச்சு உங்களுக்குப் படிச்சுக் காட்டோணும், இது முக்கியம், நீங்க பலூன்ல இருக்கற உங்க பேச்ச பாத்துக்கிட்டே கேளுங்க. ரெண்டு கட்டம் போனா "சாமி"ங்கற வார்த்தை எங்க இருக்குதுன்னு நீங்களே காட்டுவீங்க.

உடுக்கைச் சத்தத்துக்கு என்ன எழுத்து போடறதுன்னு நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிவு பண்ணி அனுப்புங்க. கறுப்பு மையில போடச் சொல்லுங்க, பென்சில்ல போட்டா அச்சுல விழாது. பத்து கட்டமும் வந்துச்சுன்னா இந்தப் பக்கத்துல என்ற நாயத்த நிறுத்திப்போட்டு அதையே போடறோம்னு ஆசிரியர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.